காமெட் மீன்: முகத்தைப் பார்த்தவர் யாராவது உண்டா?

நீலத்திரை:
மாலத்தீவு, போன பிப்ரவரி. திலா (கடலுக்கடியில் இருக்கும் பவளக் குன்று) ஒன்றின் பக்கச்சுவரில் பொந்து, 15 மீட்டர் ஆழம் இருக்கும். டார்ச் அடித்தேன். கறுப்புத் தலை, முழுக்க வெள்ளைப் புள்ளி, ஒரு கண். பாம்பு மாதிரி நீண்ட, கடிக்கிற அஞ்சாலை மீன் என்று கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் வாய் அசையவே இல்லை. அஞ்சாலை மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடுமே! பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் ‘தலை’ விசிறி மாதிரி மடங்கி உள்ளே போனது. அது காமெட் மீனின் வால்! முகம் அவ்வளவு நேரமும் இருட்டுக்குள் இருந்திருக்கிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

உப்புத்தொட்டி:
முகத்தை நான் பார்த்திருக்கிறேன், வீட்டுத் தொட்டியில். வாங்கிவந்த அன்று கல்லிடுக்கில் புகுந்தது, மூன்று வாரம் கண்ணில் படவில்லை. செத்திருக்கும் என்றே நினைத்தோம். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹால் வெளிச்சத்தில் ஒரு சாண் மீன், துடுப்பெல்லாம் விரித்து, உடம்பை அசைக்காமல், இறாலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் இறாலைக் காணோம். வாய் திறந்தது எனக்குத் தெரியவே இல்லை.

கரைவலை:
நீலத்திரை, அது வெள்ளைவாய் அஞ்சாலை வேஷம் போடுகிறது என்பதை நான் முழுசாக ஏற்கவில்லை. 1977-இல் மீன் ஆய்வாளர் மெக்காஸ்கர் எழுதியதிலிருந்து எல்லோரும் இதையே சொல்கிறார்கள். முதுகுத்துடுப்பின் கடைசியில் கண்புள்ளி, வாலோரம் வாய் போன்ற இடைவெளி, சரி. ஆனால் பின்பக்கம் கண்புள்ளி உள்ள மீன்கள் நிறைய உண்டு. கடிக்க வருவதை வால் பக்கம் திருப்பினாலே உயிர் தப்பிவிடுமே? செங்கடலில் நான் பார்த்தது ஓடி ஒளிந்தது, அவ்வளவுதான்.

பவளத்திட்டு:
எனக்கு ஒரே தடவை, வால்நுனி மட்டும். தேடிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பகலில் அலையாதீர்கள், அது இரவில் இரைதேடும் மீன். அந்தி டைவ் கேளுங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள், வெள்ளை ஒளி பட்டால் உள்ளே போய்விடும். பொந்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று காத்திருங்கள். மணல் கலங்காமல் உங்கள் கால்துடுப்பைத் தூக்கி வையுங்கள். மீன் உள்ளேயே நின்று துடுப்பை விரித்தால் விலகிவிடுங்கள். முட்டையைக் காப்பது ஆண்தான், விரட்டினால் முட்டை போய்விடும். கையை மட்டும் விடவே விடாதீர்கள், பக்கத்துப் பொந்தில் நிஜ அஞ்சாலை இருக்கலாம்.

நீலத்திரை:
கரைவலை, நான் கையை இழுத்தது அந்தக் கண்ணைப் பார்த்து மட்டும் இல்லை. புள்ளி, தலையின் வடிவம், பொந்திலிருந்து நீட்டியிருந்த விதம், எல்லாம் சேர்ந்துதான். சிவப்புத் தாளோடு ஜனவரியில் அதே பொந்துக்குப் போகிறேன்.