வீட்டுக்காரவுகளுக்கு பாசிட்டிவ், எனக்கு நெகட்டிவ்: சி.சி.ஆர்.5 டெஸ்ட் எடுக்கணுமா?

பீடித்தட்டு
ஊர் முக்கூடல் பக்கம். பீடி சுத்துதேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரில எச்.ஐ.வி. மருந்து குடுக்குற ஏ.ஆர்.டி. மையத்துல வாங்குற மாத்திரைய ராத்திரி ஒண்ணு போடுவாக. எனக்கு எப்ப எடுத்தாலும் நெகட்டிவ்தான். பொங்கலுக்கு வந்த நாத்துனா மகன் ஏதோ வீடியோ பாத்துட்டு, "அத்தைக்கு சி.சி.ஆர்.5 ஜீன் மாறியிருக்கும், அதான் ஒட்டல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அன்னையில இருந்து இவுக மாத்திரைய விட்டு விட்டுப் போடுதாக. மாசக் கடைசில டப்பாவை ஆட்டிப் பாத்தா கலகலன்னு சத்தம் கேக்கு, பாதி அப்படியே கிடக்கு. தனியார் லேப்ல அந்த டெஸ்ட் உண்டாம். காசு கட்டி எடுக்கவா?

களக்காட்டான்
வேண்டாம்க்கா. நான் வைராலஜி ஆராய்ச்சி மாணவன். அண்ணாச்சியும் கூட உக்காந்து இதைப் படிக்கட்டும்.

சி.சி.ஆர்.5 வைரஸுக்காக உண்டானது இல்ல. ரத்த வெள்ளணுக்களோட மேல்பரப்புல இருக்குற ஏற்பி, அதாவது சிக்னலை வாங்கிக்கிற புரதம் அது. உடம்புல எங்கயாவது அழற்சி வந்தா அங்க இருக்குற செல்கள் கீமோகைன்னு சின்ன சிக்னல் புரதங்களை விடும். அது இந்த ஏற்பியில வந்து ஒட்டினதும் வெள்ளணு அந்தப் பக்கமா நகரும். எச்.ஐ.வி. முதல்ல வெள்ளணு மேல இருக்குற சி.டி.4-ங்கிற இன்னொரு புரதத்தைப் பிடிக்கும். அது பூட்டைத் திறக்குற மாதிரி. சி.சி.ஆர்.5-ங்கிற தாழ்ப்பாளையும் நீக்கினாத்தான் உள்ள போக முடியும். சில வகை வைரஸ் சி.எக்ஸ்.சி.ஆர்.4-ங்கிற வேற ஏற்பி வழியாவும் போகும்.

1995-ல அமெரிக்க வைரஸ் விஞ்ஞானி ராபர்ட் கேலோவோட குழு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க: சி.டி.8-ங்கிற ஒரு வகை வெள்ளணு விடுற ரேன்டெஸ், எம்.ஐ.பி.-1 ஆல்ஃபா, எம்.ஐ.பி.-1 பீட்டாங்கிற மூணு கீமோகைனும் எச்.ஐ.வி.யைத் தடுக்குது. ஏன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சுது. மூணும் வந்து ஒட்டுற இடம் சி.சி.ஆர்.5. அவை இடத்தைப் பிடிச்சுக்கிட்டா வைரஸுக்கு இடமில்ல. ஏற்பியும் செல்லுக்குள்ள இழுபட்டுப் போயிரும். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இது.

வீடியோவுல வந்தது அனேகமா எச்.ஐ.வி.யில இருந்து குணமான முதல் ஆளு டிமோதி ரே பிரவுனா இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்காக 2007-ல பெர்லின்ல ஸ்டெம் செல் மாத்தினாங்க. கொடுத்தவருக்கு சி.சி.ஆர்.5 ஜீன்ல 32 எழுத்து இல்ல, அதுவும் அப்பா வழி, அம்மா வழி ரெண்டு பிரதியிலயும்; அதனால அந்த ஏற்பி செல் மேல வராது. ஐரோப்பிய வம்சாவளியில அது சுமார் நூத்துக்கு ஒருத்தருக்கு. நம்ம நாட்டுல ரொம்ப அபூர்வம். அது இருந்தாலும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழியா வர்ற வைரஸுக்குத் தடையில்ல.

உங்களுக்கு ஒட்டாததுக்குக் காரணம் அநேகமா அண்ணாச்சி போட்ட மாத்திரை. ஒருத்தருக்கு மட்டும் தொற்று இருக்குற 1,763 ஜோடிகளை வச்சு நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வுல சென்னையும் ஒரு மையம். மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிச்சவங்ககிட்ட இருந்து துணைக்குப் பரவுறது 96 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2011-ல வெளியிட்டாங்க. மருந்தை விட்டா வைரஸ் மறுபடி ஏறும்.

வள்ளியூர் தம்பி
நடுவுல ஒரு சந்தேகம் அண்ணே. எச்.ஐ.வி. இருக்குற மச்சானுக்கு சி.டி.4 வெள்ளணு எண்ணிக்கை கம்மி. இந்த மாதிரி சிக்னல் புரதத்தையே ஊசியா போட்டா ஏறாதா? ஒருத்தர் பேக்கேஜ் சொல்லுதாரு.

களக்காட்டான்
எண்ணிக்கை ஏறும் தம்பி, ஆனா பலன் இல்ல. இன்டர்லூக்கின்-2-ங்கிற சிக்னல் புரத ஊசியை எச்.ஐ.வி. மருந்தோட சேத்துப் போட்டு ரெண்டு பெரிய ஆய்வு நடந்துச்சு, மொத்தம் 5,000 பேருக்கு மேல. 2009-ல முடிவு வந்துச்சு. சி.டி.4 ஏறிச்சு, நோயும் சாவும் குறையல. டி.என்.எஃப். ஆல்ஃபா மாதிரி சில சிக்னல்கள் வைரஸ் பெருகவே தூண்டிவிடும். பேக்கேஜுக்குப் பணம் கட்ட விடாதீங்க.

செவிலி அக்கா
பீடித்தட்டு, கடைசி 72 மணி நேரத்துக்குள்ள ஆணுறை இல்லாம சேர்ந்திருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தடுப்பு மருந்து உண்டு. இல்லைன்னா நாளைக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துல உங்க ரத்தத்தை டெஸ்டுக்குக் கொடுங்க. அவுகளுக்கு ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்குற வைரல் லோடு டெஸ்ட் எடுக்கணும். ஏ.ஆர்.டி. மையத்துல காசு கிடையாது.

பீடித்தட்டு
அப்படி ஒண்ணும் இல்லக்கா, ஆணுறை இருக்கு. இவுகளும் படிச்சாக. இன்னைக்கு மாத்திரை போட்டாச்சு. விட்டதைச் சொன்னா அங்க ஏசுவாகளோன்னுதான் தயங்குதாக.

செவிலி அக்கா
எத்தனை நாள் விட்டாருன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் சரியா முடிவெடுக்க முடியும். மிச்ச மாத்திரையோட அந்த டப்பாவையே கொண்டு போங்க. யாரும் சத்தம் போட்டா கவுன்சிலர்கிட்ட தனியா பேசணும்னு கேளுங்க, எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கும் கூப்பிடலாம். ரிப்போர்ட் வர நாளாகும். அதுவரைக்கும் ஆணுறையை விட்டுறாதீங்க.