தார் ரோட்டில் விரிசல்: வெயிலா, லாரியா? அவசரம்

முத்து_கோ:
எங்கள் ஊர் ரோடு போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் விரிசல். வெயிலில் வெடித்துவிட்டதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். உண்மையா? நாளை கிராம சபையில் கேட்க வேண்டும்.

சாலைப்பணி_ராஜா:
எந்த ஊர்? விரிசல் குறுக்கேயா, நீளவாக்கிலா, வலை போலவா? படம் இருக்கிறதா?

குற்றாலச்சாரல்:
வெயில்தான், சந்தேகமே வேண்டாம். கோடையில் ரோட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், ராத்திரி ஆறிச் சுருங்கும். தினமும் இப்படியென்றால் வெடிக்காதா?

பழைய_ஓவர்சீயர்:
தம்பி, அரைகுறையாகச் சொல்லக்கூடாது. சூட்டில் தார் இளகும், சக்கரத் தடம் பள்ளமாகும். கடுங்குளிரில் இறுகிச் சுருங்கும்போதுதான் ரோட்டுக்குக் குறுக்கே வெடிக்கும். அது கனடாவில் நடப்பது. கேட்பவராவது ஊர், மண், வண்டி மூன்றையும் எழுத வேண்டாமா? எத்தனை முறை சொல்வது!

சாலைப்பணி_ராஜா:
வெயிலுக்கும் பங்கு உண்டு ஐயா. வருடக்கணக்கில் காய்ந்தால் பிட்டுமென் (நாம் தார் என்பது) கெட்டிப்பட்டு நெகிழ்வு போய்விடும், மேலிருந்து விரிசல் இறங்கும். ஆனால் இரண்டே வருடத்தில் என்றால் வேறு காரணமும் பார்க்க வேண்டும்.

முத்து_கோ:
கோவில்பட்டி பக்கம். கரிசல் மண். குவாரி டிப்பர் ஓடும். சக்கரம் போகும் இடத்தில் வலை மாதிரி இருக்கிறது.

கரிசல்காடு:
அப்போது மண்தான். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும்.

சாலைப்பணி_ராஜா:
மண் சுருங்கினால் பெரும்பாலும் ஓரத்தில் நீளவாக்கில் பிளக்கும்.

நம்மூர்_செல்வம்:
பேசாமல் சிமெண்ட் ரோடு கேளுங்கள்.

பழைய_ஓவர்சீயர்:
சிமெண்டும் விரியும், சுருங்கும். நாலைந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் வெட்டிவிடாவிட்டால் அதுவாகவே வெடிக்கும்.

நம்மூர்_செல்வம்:
எங்கள் தெருவில் நன்றாகத்தானே இருக்கிறது?

பழைய_ஓவர்சீயர்:
உங்கள் தெருவில் டிப்பர் ஓடுகிறதா?

சாலைப்பணி_ராஜா:
அதற்குத் தனி இழை போடுங்கள். முத்து, விரிசல் இரண்டு பக்கமும் உண்டா? வெயில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் அடிக்கும். லோடு வண்டி வரும் பக்கம் மட்டும் என்றால் பாரம்தான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தார் அடுக்கு வளைந்து அடிப்பக்கம் இழுபடும். அங்கே தொடங்கும் விரிசல் மேலேறி வலையாகும். சேதம் அச்சுப் பாரத்தின் (வண்டியின் ஒரு அச்சு ரோட்டில் ஏற்றும் எடை) நான்காம் படியை ஒட்டிக் கூடும் என்று 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாய் சாலைச் சோதனையில் தெரியவந்தது. அச்சுப் பாரம் இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. மழைக்குள் அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி ஜல்லி அடுக்கும் தளர்ந்துவிடும்.

முத்து_கோ:
குவாரியிலிருந்து வரும் பக்கம் மட்டும்தான். தார் அடுக்கின் தடிமனை அளக்கச் சொல்லிக் கேட்கிறேன். நன்றி.

பழைய_ஓவர்சீயர்:
அதை அளக்க ரோட்டைத் துளைத்து உருளைத் துண்டாகக் கோர் வெட்டும்போது விரிசல் மேலேயே ஒன்று, விரிசல் இல்லாத இடத்தில் ஒன்று எடுக்கச் சொல். விரிசல் அடியிலிருந்து வந்ததா, மேலோடு நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.