பழைய பஜெரோ: தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா, கூடாதா?

படுவான்கரையான்:
என்னுடையது 1996ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜெரோ ஜீப், 4எம்40 டீசல் என்ஜின். செங்கலடியிலிருந்து மகா ஓயா வரை வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் சிவப்புக்குப் போகப் பார்க்கிறது. கராஜில், "வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றிவிடுவோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

டீசல் காக்கா, சம்மாந்துறை:
கழற்றிவிடுங்கள் தம்பி. அது குளிர் நாட்டுக்காரனுக்கு, காலையில் என்ஜின் சீக்கிரம் சூடாவதற்காக, சூடேறும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் சாமான். மூடியபடி இறுகிவிட்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது. அந்த என்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட், சூடு மிஞ்சினால் வெடிப்பு விட்டுவிடும் என்பது ஊரறிந்த கதை. கடையில் கிடைக்கும் மலிவுச் சாமானை நம்பி ஹெட்டைப் பலி கொடுக்கலாமா?

கல்லடி வாசி:
காக்கா, "வெயில் ஊர்" என்ற வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயில் 35 பாகை. என்ஜின் ஒழுங்காக வேலை செய்ய 80 பாகையாவது வேண்டும். யப்பானில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. குளிர்ந்தபடியே ஓடும் டீசல் என்ஜின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். சமதரையில் முள் நடுவில் நிற்கிறதென்றால் தெர்மோஸ்டாட் திறக்கிறது என்றுதான் பொருள். ஏற்றத்தில் மட்டும் சூடேறுகிறதென்றால் ரேடியேட்டரையும் விசிறியையும் பாருங்கள்.

டீசல் காக்கா, சம்மாந்துறை:
பாதி திறந்து சிக்கி நிற்கும் தெர்மோஸ்டாட்டை நீங்கள் பார்த்ததில்லைப் போலிருக்கிறது. சமதரைக்கு அந்தப் பாதி போதும், மலைக்குப் போதாது.

கல்லடி வாசி:
அதைக் குசினியிலேயே சோதித்துவிடலாமே. சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அடியில் முட்டக் கூடாது. எத்தனை பாகையில் திறக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, கொதிப்பதற்குள் முழுதாக விரிந்தால் அதன்மேல் குற்றமில்லை. இன்னொன்றையும் பாருங்கள். அடியில் சிறு தட்டு இருக்கும் வகையானால், சூடேறியதும் அந்தத் தட்டுத்தான், தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் பக்கவழியை அடைக்கிறது. கழற்றி எறிந்தால் பக்கவழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிவரும். குளிரட்டும் என்று கழற்றிய வண்டி இன்னும் சூடேறும்!

வயல்காரன், அக்கரைப்பற்று:
இருவரும் தெர்மோஸ்டாட்டைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். தம்பி, வண்டி வயலுக்குப் போகிறதா? ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நெல் சூடு மிதிக்கும் காலத்தில் பறக்கும் பதர் அங்கேதான் போய் அடைகிறது. முன்னால் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், மெதுவாக. சேர்விஸ் நிலையத்துப் பெரும் வேகத்தில் அடித்தால் ரேடியேட்டரின் தகடெல்லாம் மடங்கிவிடும்.

படுவான்கரையான்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்ப்பாதி முழுவதும் பதரும் சேறும் கலந்து காய்ந்து, சாணி மெழுகிய சுவராக நிற்கிறது. ரேடியேட்டருக்கு இதுவரை கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றி வந்திருக்கிறேன். அதில் ஏதும் பிழையா?

கல்லடி வாசி:
உவர்க் கிணறு என்றால் உள்ளேயும் உப்புப் படிந்திருக்கும். வெளியே கழுவி மட்டும் பயனில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்வியுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. கூலண்ட் குளிர் நாட்டுக்கு மட்டும் என்று காக்கா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். விசிறியின் நடுக் குமிழில் எண்ணெய் கசிந்த அடையாளம் தெரிகிறதா என்றும் பாருங்கள். விசிறியை இழுத்துச் சுற்றுவது உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய்தான், அது போய்விட்டால் விசிறி பேருக்குத்தான் சுற்றும்.

டீசல் காக்கா, சம்மாந்துறை:
பதரைக் கழுவுங்கள், கூலண்டும் ஊற்றுங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. அடியில் தட்டுள்ள வகை என்றால் கழற்ற வேண்டாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தட்டில்லாத வகையைச் சட்டியில் வேகவைத்து இன்று பார்த்தீர்கள், சரி. நாளை லுணுகலை ஏற்றத்தில் அது இறுகாது என்று கல்லடித் தம்பி எழுதிக் கொடுப்பாரா?

கல்லடி வாசி:
எழுதித் தர மாட்டேன் காக்கா. கம்பனிச் சாமான் ஒன்றைப் புதிதாக வாங்கிப் போடச் சொல்வேன். ஹெட் விலையோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு.

வயல்காரன், அக்கரைப்பற்று:
எதைப் போட்டாலும் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் வற்றிவிட்டால் சென்சரைச் சுற்றிக் காற்றுத்தான் இருக்கும். என்ஜின் வேகும்போது முள் கீழே இறங்கும். ஏற்றத்துக்கு முன் மகா ஓயாவில் நிறுத்தி, ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள தண்ணீர்ப் போத்தலில் மட்டம் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கை வெந்துவிடும்.