உலகம் சுற்ற ஒரே டிக்கெட்டா, போகிற போக்கில் வாங்குவதா?

மூட்டைமுடிச்சு:
வேலையை விட்டுவிட்டு ஓராண்டு உலகம் சுற்றக் கிளம்புகிறேன், தனியாக. பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணிகள் விற்கும் "உலகம் சுற்றும் டிக்கெட்" ஒன்றை வாங்கிவிடலாம் என்று பார்த்தால், நண்பர்களில் பாதிப் பேர் அது பொறி என்கிறார்கள். அங்கங்கே ஒருவழி டிக்கெட் வாங்கிக்கொள் என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை.

அட்டவணை:
பொறி என்றவர்கள் விதிகளைப் படித்திருக்க மாட்டார்கள். ஒன்வேர்ல்டு கூட்டணியின் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். எத்தனை கண்டங்களைத் தொடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் விலை. 16 விமானங்கள் வரை ஏறலாம், ஓராண்டு வரை செல்லும். கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போக வேண்டும். அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்ட வேண்டும். தேதியை மாற்றப் பொதுவாகக் கட்டணம் இல்லை, பாதையை மாற்றினால்தான் உண்டு. பெருங்கடல் தாண்டும் விமானங்களுக்குத் தனித்தனியே ஒருவழி டிக்கெட் போட்டுக் கூட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம். இன்னொன்று: எந்த நாட்டில் பயணத்தைத் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த டிக்கெட்டின் விலை கணிசமாக மாறும். பக்கத்து நாட்டுக்குப் போய்த் தொடங்குவதே லாபமாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

வழிப்போக்கன்:
அட்டவணை அவர்களே, விற்பனைக் கையேட்டை அப்படியே ஒப்பித்துவிட்டீர்கள். விட்டுப்போனவற்றை நான் சொல்கிறேன்.

தேதி மாற்றம் இலவசம்தான், அதே கட்டண வகுப்பில் இருக்கை மிச்சம் இருந்தால். ஒரு விமானத்தில் ஏறாமல் விட்டால், மிச்சமிருக்கும் பயணம் முழுவதையும் ரத்து செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்த 16இல் தரைவழியே போகும் துண்டும் ஒன்றாகக் கணக்கில் வரும். நீங்கள் உங்கள் காசில் பேருந்தில் போவீர்கள், எண்ணிக்கை அவர்கள் கணக்கில் குறையும்! அப்புறம், தென் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனமான லாத்தாம் 2020இல் ஒன்வேர்ல்டை விட்டு வெளியேறியது. அதன் பிறகு தென் அமெரிக்காவுக்குள் அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு எத்தனை ஊருக்குப் போவீர்கள்? மலிவு விமான நிறுவனங்களில் பெரும்பாலானவை எந்தக் கூட்டணியிலும் இல்லை.

பயணத்தில் ஒரு ஊர் பிடித்துப்போகும், இன்னொன்று பிடிக்காது. அது முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

கடல்தாண்டி:
இருவருமே விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். மூட்டைமுடிச்சு கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வழிப்போக்கன் ஐயாவின் "போகிற போக்கில்" என்பது விசா இல்லாமலே பாதி உலகத்துக்குள் நுழையக்கூடியவர்களின் பேச்சு. என்னைப் போன்றவர்களுக்கு அது நடக்காது.

ஷெங்கன் விசாவைப் பாருங்கள். அது செல்லும் 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம். பொதுவாக, சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வழியில் ஏதோ ஒரு ஊரில் தூதரகத்தின் கதவைத் தட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரி, கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பமே எடுக்க மாட்டார்கள். ஆகவே ஓராண்டுப் பயணத்தின் பிற்பாதியில் ஐரோப்பாவை வைத்திருக்கும் அட்டவணை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், காகிதத்தோடு சரி.

அமெரிக்காவும் இப்படித்தான். அங்கே விமானம் மாற மட்டும் இறங்கினாலும் குடிவரவுச் சோதனையைத் தாண்ட வேண்டும், அதற்கு விசாவோ முன் அனுமதியோ தேவை. இரண்டு பெருங்கடலையும் தாண்டும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா வழியாகவே போகின்றன. சிலி நாட்டின் சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்கு நேராகப் பறக்கும் குவான்டாஸ் விமானம் போல வெகு சில வழிகள்தாம் அதைத் தவிர்க்கின்றன.

வழிப்போக்கன்:
விசா விஷயத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஓராண்டையும் ஒரே நிறுவனத்திடம் அடகு வைக்க வேண்டியதில்லை. கடுமையான விசாக்களை முதல் ஆறு மாதத்துக்குள் முடித்துவிட்டு, எளிதாக அனுமதிக்கும் நாடுகளைப் பின்னால் வைத்துக்கொள்ளலாமே. இதற்கு ஒருவழி டிக்கெட்தான் தோது.

அட்டவணை:
ஒருவழி டிக்கெட்டோடு விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். "திரும்பிப் போகும் டிக்கெட் எங்கே?" என்று முதலில் கேட்பது குடிவரவு அதிகாரி அல்ல, விமான நிறுவனத்தின் ஊழியர். நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியது அந்த நிறுவனம், பல நாடுகளில் அபராதமும் அதன் தலையில்தான். அதனால் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் விதியைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். போன ஆண்டு என் கண் முன்னால் ஓர் இளைஞர் வரிசையில் நின்றபடியே கைபேசியில் ஏதோ ஒரு டிக்கெட்டைக் கண்ட விலைக்கு வாங்கினார்.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு ஆபத்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் உங்களைத் திரும்பியும் பார்க்காது. ஒரே முன்பதிவாக இருந்தால் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் பயணத்தில் இறுதி இடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், தவறு நிறுவனத்தின் பக்கம் இருக்கும் வரை, தூரத்துக்கு ஏற்ப 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம்.

வழிப்போக்கன்:
பயணம் போவதா, வழக்கு நடத்துவதா? இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே ஓர் இரவு தங்கினால் தீர்ந்தது. வெளியேறும் டிக்கெட் கேட்டால், பணத்தைத் திருப்பித் தரும் வகையில் ஒன்றை வாங்கி, உள்ளே போனதும் ரத்து செய்கிறோம். பல இடங்களில் எல்லை தாண்டும் பேருந்துச் சீட்டே போதும்.

அட்டவணை:
பெரு நாட்டில் மாச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் நடக்க ஆசைப்பட்டால் என்ன செய்வீர்கள்? வழிகாட்டிகள், சுமை தூக்குவோர் உட்பட ஒரு நாளைக்கு 500 பேர்தான். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டுமே. பிப்ரவரியில் பாதையே மூடியிருக்கும். மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும் சீட்டு அது.

வழிப்போக்கன்:
மாச்சு பிச்சுவுக்கு அது ஒன்றுதான் வழியா? சல்கண்டாய் கணவாய் வழியாகவும் நடந்து போகலாம், அங்கே இப்படி ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. கூட்டமும் குறைவு.

கடல்தாண்டி:
அந்தக் கணவாய் 4,600 மீட்டருக்கு மேல். அங்கே போகிறவர்கள் முதலில் வந்து இறங்கும் குஸ்கோ நகரமே ஏறக்குறைய 3,400 மீட்டரில் இருக்கிறது. கடலோரத்திலிருந்து பறந்து இறங்கிய மறுநாளே நடக்கக் கிளம்புகிறவர்கள் தலைவலியிலும் வாந்தியிலும் படுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் நான் வழிப்போக்கன் கட்சி. இறுக்கமான அட்டவணைக்காரர்கள்தாம் அந்த நாள்களை முதலில் வெட்டுவார்கள்.

மூட்டைமுடிச்சு:
நல்ல சண்டை. இன்னும் ஒரு கேள்வி: காப்பீடு எதற்கெல்லாம் கைகொடுக்கும்? வியட்நாமில் மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆசை.

கடல்தாண்டி:
ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் பலர் அந்த அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். உலகம் முழுதும் சுற்ற அது போதாது.

மோட்டார் சைக்கிளில்தான் சிக்கலே. சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரே வகை அல்ல. 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி இன்னொன்று. வியட்நாம் ஏற்பது 1968ஐ, ஜப்பான் ஏற்பது 1949ஐ. உங்கள் நாடு எதைத் தருகிறது என்று பாருங்கள். வாடகைக்கு விடுகிறவர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். செல்லுபடியாகாத உரிமத்தோடு விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

மூட்டைமுடிச்சு:
அப்படியானால் பேருந்து. ஐரோப்பாவை முதல் நான்கு மாதத்துக்குள் வைக்கிறேன், அமெரிக்க விசாவைக் கிளம்பும் முன்பே வாங்கப் பார்க்கிறேன். கடல் தாண்டும் விமானங்களுக்கு இரண்டு விதமாகவும் விலை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன். திசை எது நல்லது, கிழக்கா மேற்கா?

அட்டவணை:
மேற்கு. பெரும்பாலானோருக்கு உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. ஆகவே நாள் நீளும் திசையில் போனால் தூக்கம் சீக்கிரம் சரியாகும்.

வழிப்போக்கன்:
இதில் அட்டவணையோடு சண்டை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேற்கு நோக்கிப் பசிபிக்கைத் தாண்டும்போது நாள்காட்டியில் ஒரு தேதி காணாமல் போகும். லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளி இரவு ஏறினால் சிட்னியில் இறங்குவது ஞாயிறு காலை. அங்கே சனிக்கிழமை இரவுக்கு அறை போட்டுவிடாதீர்கள்.