சாட்ஸ்வொர்த்தில் கூட்டுக் காய்கறிப் பை: எங்கே வாங்குவது, எப்படிப் பிரிப்பது?

வெஸ்ட்கிளிஃப்_கமிட்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வெஸ்ட்கிளிஃப், பேவியூ பக்கம் 30 குடும்பங்கள் சேர்ந்து மாதம் இரண்டு தடவை கிளேர்வுட் மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து, கோவில் ஹாலில் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் பேச்சு. பாதிக்கு மேல் முதியோர் பென்ஷனில் ஓடும் வீடுகள். கார் கிடையாது. டாக்ஸியில் சூப்பர்மார்க்கெட் போய்வரும் காசையும் சேர்த்தால் காய் விலை எங்கேயோ போய்விடுகிறது, அதிலும் கையில் தூக்க முடிவது இரண்டு பைதான். நடந்து போகும் தூரத்தில் உள்ள கடையில் வெள்ளை ரொட்டி, சிப்ஸ், போலோனி (பதப்படுத்திய இறைச்சி), குளிர்பானம் எல்லாம் உண்டு. காய் என்றால் சுருங்கிப்போன நாலு உருளைக்கிழங்கு. சர்க்கரை வியாதிக்காரர்கள் நிறைய உள்ள இடத்தில் இதுதான் நிலைமை.

கேட்க வேண்டியது மூன்று. கடை வைத்திருக்காதவர்களுக்கு மொத்தச் சந்தையில் கொடுப்பார்களா? ஒரு வீட்டுக்கு எவ்வளவு எடுப்பது? பணத்தை எப்படி வசூலித்தால் சண்டை வராது? ஹாலில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. குளிர் அறை கிடையாது.

விடிகாலை_பக்கி பதில்:

கொடுப்பார்கள். பொதுமக்களும் வாங்கலாம், ஆனால் சந்தைக்குள் கையில் காசு நீட்டி வாங்கும் வழக்கமில்லை. அடையாள அட்டையோடு போய்ப் பதிந்து, வாங்குபவர் அட்டை எடுத்து, காசாளரிடம் அதில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். விவசாயிக்காக விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டின் விற்பனையாளரிடம் பேரம் முடிந்ததும் தொகை அட்டையிலிருந்து கழியும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், வாசலில் வண்டியை நிறுத்திச் சரக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள். பதிவு வேலையை வாங்கப் போகும் நாளிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். வரிசையில் நின்று முடிப்பதற்குள் நல்ல சரக்கு போயிருக்கும். ஏஜென்ட் கமிஷன் விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையில் கழிவது, உங்கள் தலையில் வராது. சில சரக்கு பிளாஸ்டிக் கிரேட்டில் வரும். அதற்கு முன்பணம் கட்டி, காலிக் கிரேட்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. சந்தை விலை தினம் மாறும். வரத்து குறைந்தால் தக்காளி ஒரே வாரத்தில் எகிறிவிடும். 'உருளை இத்தனை கிலோ, தக்காளி இத்தனை கிலோ, விலை இவ்வளவு' என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்த கூட்டுகள் பெரும்பாலும் இரண்டாம் மாதத்திலேயே படுத்துவிடுகின்றன. பையின் விலையை மட்டும் நிலையாக வையுங்கள், உள்ளே போகும் சரக்கு மாறட்டும். தக்காளி ஏறினால் அதைப் பாதியாக்கிப் பூசணியோ பட்டர்நட்டோ (அதுவும் பூசணி வகைதான்) கூட்டுங்கள். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

30 பைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. உருளைக்கிழங்கு வீட்டுக்கு 3 கிலோ என்றால் 10 கிலோ பாக்கெட் 9. வெங்காயம் 2 கிலோ வீதம் 6 பாக்கெட். கேரட் 1 கிலோ வீதம் 3, பட்டர்நட்டும் அதே அளவு. முட்டைக்கோஸ் வீட்டுக்கு ஒன்று. தக்காளி ஒன்றரைக் கிலோ, அதாவது மொத்தம் 45 கிலோ. 6 கிலோ பெட்டியில் 8 எடுத்தால் 48 வரும், நசுங்கியதற்கு அந்த 3 கிலோ சரியாகப் போகும். எல்லாம் சேர்ந்து சுமார் 310 கிலோ. அரை டன் பக்கி வண்டி (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) ஒரு நடை போதும்.

எடுக்கும்போது பார்க்க வேண்டியவை: உருளைக்கிழங்குக் காகித மூட்டையின் அடியைத் தடவிப் பாருங்கள். ஈரக் கறை இருந்தால் உள்ளே ஒன்று அழுகிவிட்டது. டர்பன் வெயிலில் மறுநாளைக்குள் மூட்டை முழுக்க நாறும். முதல் தரம் பெரிய சைஸுக்குக் காசு அதிகம், கறிக்கு வெட்டிப் போட இரண்டாம் தரம் நடுத்தர சைஸ் தாராளம். பச்சை படிந்த கிழங்கு மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம், அது உடம்புக்கு ஆகாது. வெங்காயத்தின் கழுத்தை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வாரம் தாங்காது, பூஞ்சை பிடிக்கும் அல்லது முளைக்கும். தக்காளியில் பாதி சிவப்பு, பாதி செங்காய் எடுங்கள். எல்லாமே பழுத்ததாக வாங்கினால் இரண்டாம் வாரம் ரசத்துக்குக்கூட மிஞ்சாது. ஏற்றும்போது உருளையும் கோஸும் அடியில், தக்காளி கடைசியாக மேலே. சொன்னால் சிரிப்பீர்கள், நஷ்டத்தில் பெரிய பங்கு இந்த ஒன்றில்தான் போகிறது.

கணக்கப்பிள்ளை_பீனிக்ஸ் பதில்:

பண விஷயம். பைக்கு 120 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்குத்தான்). 30 பைக்கு 3600. அதில் 2880 சரக்குக்கு, 360 வண்டிக்கு, 180 அழுகல் கழிவுக்கு, மீதி 180 பையும் சில்லறைச் செலவும் போக நிதியில் சேரட்டும். கழிவுக்கு என்று தனியாக எடுத்து வைக்காத கூட்டில், கெட்டுப்போன தக்காளி யார் தலையில் விழுவது என்பதில்தான் முதல் சண்டை வரும்.

முன்பணம் வராமல் ஒரு பை கூட வாங்காதீர்கள். சந்தைக்குப் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வசூலை மூடிவிட வேண்டும். பிறகு வருகிறவருக்கு அடுத்த தடவைதான், அது கமிட்டித் தலைவராகவே இருந்தாலும் சரி. வாங்குகிறவர் வேறு, பணம் வைத்திருப்பவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறாக இருக்கட்டும். வங்கிகளில் ஸ்டோக்வெல் (கூட்டுச் சேமிப்புக் குழு) கணக்கு என்றே உண்டு; ஒன்றுக்கு மேற்பட்டவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி தொடங்கலாம். நம் பெரியவர்களுக்குச் சீட்டுப் பழக்கம் இருப்பதால் இதை விளக்கப் பெரிய பாடு இல்லை. ஒரு வித்தியாசம்தான், இங்கே பணம் சுற்றாது, சரக்குதான் சுற்றும்.

நாளைப் பார்த்து வையுங்கள். முதியோர் பென்ஷன் மாத முதல் வாரத்தில் வருகிறது. முதல் பையை அதை ஒட்டி வைத்து, இரண்டாவது பைக்கான காசையும் அப்போதே பாதியாவது வாங்கிவிடுங்கள். மாத நடுவில் கேட்டால் கையில் இருக்காது.

காயோடு பருப்பும் சேர்க்கலாம் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் முதல் வாட் வரி 15 சதவீதம், ஆனால் சில அடிப்படை உணவுகளுக்கு அது பூஜ்யம். காய், பழம், அரிசி, சோள மாவு, காய்ந்த பீன்ஸ், பருப்பு வகை, முட்டை, பால், பால் பவுடர், சமையல் எண்ணெய், பிரவுன் ரொட்டி, பில்ச்சர்ட் டின் மீன் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அதே பீன்ஸைத் தக்காளிக் குழம்போடு டின்னில் வாங்கினால் வரி உண்டு. டூனா டின்னுக்கும் கோழிக்கும் உண்டு. ஆகவே புரதத்துக்கு சுகர் பீன்ஸ் (ஒரு காய்ந்த பீன்ஸ் வகை), பருப்பு, முட்டை என்று போனால் காசுக்கு அதிகம் வரும். பெரிய மூட்டையாக எடுத்து வீட்டுக்கு 1 கிலோ பிரித்துக்கொள்ளுங்கள்.

தராசு பற்றி யாரும் சொல்லவில்லை. கிலோக் கணக்கில் விற்பதாக இருந்தால் 2014ஆம் ஆண்டு அளவைச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை வைத்த தராசு வேண்டும். சமையலறைத் தராசு செல்லாது. இது கூட்டுப் பை, ஆகவே கோஸ், பட்டர்நட்டை எண்ணிக்கையிலும், உருளையை அளவு வாளியிலும் பிரித்துவிடுங்கள். ஒரே வாளி, தலைதட்டி, எல்லோர் கண் முன்னாலும்.

வெஸ்ட்கிளிஃப்_கமிட்டி:

ரொம்ப நன்றி. பையைக் கூட்டிப் பார்த்தால் 10 கிலோ தாண்டுகிறது. தனியாக இருக்கும் ஆயாமார் இதைத் தூக்கவும் முடியாது, தின்று தீர்க்கவும் முடியாது. கீரையும் பட்டியலில் இல்லையே, அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை வாங்கிச் சனிக்கிழமை பிரிக்கலாமா?

கீரைப்பாத்தி பதில்:

அரைப் பை வையுங்கள். 20 முழுப் பையும் 20 அரைப் பையும் என்றால் அதே 30 பைச் சரக்குதான், 40 வீட்டுக்குப் போகும். கோஸைப் பாதியாக வெட்ட வேண்டிவரும். வெட்டிய கோஸ் இரண்டு மூன்று நாளில் கறுக்கும் என்பதால், இரண்டு அரைப் பைக்காரர்களை ஜோடி சேர்த்து, இந்தத் தடவை ஒருவருக்குக் கோஸ், மற்றவருக்குப் பட்டர்நட் என்று மாற்றிக் கொடுப்பது மேல்.

கீரையை மொத்தச் சந்தையில் எடுக்க வேண்டாம். முளைக்கீரை, சிவப்புக்கீரை எல்லாம் அறுத்த சில மணி நேரத்திலேயே தொய்ந்துவிடும். பின்கட்டிலும் சரிவிலும் பாத்தி போட்டிருப்பவர்கள் சாட்ஸ்வொர்த்தில் இன்னும் இருக்கிறார்கள். பிரிக்கும் நாள் காலையில் அறுக்கச் சொல்லி, கட்டுக் கணக்கில் நேரே வாங்குங்கள். வேர்ப்பக்கம் இரண்டு விரல்கடைத் தண்ணீரில் நிற்க வைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டால் மத்தியானம் வரை நிமிர்ந்து நிற்கும். இலைமேல் தண்ணீர் தெளித்து பிளாஸ்டிக் பையில் கட்டினால் சாயங்காலத்துக்குள் வழவழவென்று ஆகிவிடும். வாங்குமுன் எந்தத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று கேளுங்கள். 2022 வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர்க் குழாய்களும் நிலையங்களும் பலமாக அடிபட்டன. ஆற்றிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றிய கீரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். சேப்பங்கிழங்குக் காலத்தில் அதையும் அவர்களிடமே கேளுங்கள், பிடுங்கி நிழலில் உலர்த்தியது இரண்டு வாரம் தாராளமாகக் கிடக்கும்.

ஒரு ராத்திரி ஹாலில் வைக்கலாம். உருளையும் வெங்காயமும் ஒரே மூலையில் வேண்டாம். உருளையின் ஈரத்தில் வெங்காயம் கெடும். இரண்டுக்கும் அடியில் மரப்பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. உருளை மேல் விளக்கு வெளிச்சம் படாமல் சாக்குப் போடுங்கள். தக்காளிக்குக் குளிர் அறை இல்லையே என்று கவலை வேண்டாம், குளிரில் வைத்தால்தான் அதற்கு ருசி போகும். பக்கத்தில் வாழைப்பழம் மட்டும் வைக்காதீர்கள், விடிவதற்குள் செங்காயெல்லாம் பழுக்க ஆரம்பிக்கும். எலிக்குப் பொறி வையுங்கள். லேபிள் இல்லாமல் தெருவில் விற்கும் மருந்து ஹாலுக்குள் வரவே கூடாது. 2024இல் சொவேட்டோவில் பிள்ளைகள் செத்தது அந்த மாதிரித் தெரு மருந்தில் இருந்த டெர்புஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியால்தான்.

தெருவண்டி_ஷால்கிராஸ் பதில்:

எல்லாம் சரி, ஒரு கோணம் விட்டுப்போச்சு. பங்களாதேஷ் மார்க்கெட் என்ற காய்கறிச் சந்தை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பக்கி வண்டியில் தெருத்தெருவாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். வாசலில் நிறுத்தி, ஒரு கோஸும் நாலு தக்காளியும் மாதக் கடைசியில் கடனுக்குக் கொடுப்பது அவர்கள்தான். உங்கள் கூட்டு அதைச் செய்யாது, செய்யவும் கூடாது என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். மாதத்தில் இரண்டு நாள் மலிவாகக் கொடுத்து அந்த வண்டியை ஓட்டிவிட்டால், மற்ற நாளெல்லாம் ஆயாமாருக்கு மறுபடி போலோனிக் கடைதான்.

அதனால் வண்டி வாடகையை வெளியாளுக்குக் கொடுக்காமல் அப்படி ஒரு தெரு வியாபாரியிடமே கொடுங்கள். அவரிடம் சந்தை அட்டை இருக்கும், ஏஜென்ட் முகம் தெரியும், சரக்குப் பார்க்கும் கண்ணும் உண்டு. உங்கள் 9 உருளைப் பாக்கெட்டோடு அவருடையதையும் சேர்த்துக் கேட்டால் பாக்கெட்டுக்கு விலை குறையும், இரண்டு பேருக்கும் லாபம். உங்கள் பணம் உங்கள் அட்டையில், அவர் பணம் அவர் அட்டையில், ரசீதும் தனித்தனி. இதில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். மிஞ்சிய சரக்கை ஹாலில் அழுக விடாமல் அன்றைக்கே அவருக்கு அடக்க விலைக்குத் தள்ளிவிடுங்கள். ஹால் வாசல் நடைபாதையில் நீங்களே கடை விரித்தால் அதற்கு எத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் தெரு வியாபார அனுமதி தேவைப்படும். சமைத்து விற்பதென்றால் ஹாலுக்கே சுகாதாரத் தகுதிச் சான்று வேண்டும், 2018ஆம் ஆண்டு ஆர்638 விதி அது.

கீரைப்பாத்தி:

அண்ணன் சொல்வது சரி. சுகர் பீன்ஸ் கொடுத்தால் கரண்ட் செலவு என்று திருப்பிக் கொண்டுவருவார்கள், அதற்கும் சொல்லி வையுங்கள். ராத்திரி ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, 15 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பானையோடு தடிக் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் வெந்திருக்கும். தாளிப்பதற்கு முன் மறுபடி ஒரு கொதி. சிவப்பு ராஜ்மா மாதிரி பீன்ஸுக்கு அந்த முதல் கொதியைக் குறைக்கவே கூடாது. அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி எடுக்க வைக்கும்.