கினெஸ்கோப்: ‘திரைப்படி’ என்றால் சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘கினெஸ்கோப்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கினெ என்றால் இயக்கம், ஸ்கோப் என்றால் காட்டி. ஆகவே ‘இயக்கங்காட்டி’.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சரிதான் ஐயா. ஆனால் அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சியின் தொடக்ககாலம் பற்றிய என் கட்டுரைக்கு அது பொருந்தவில்லை. கினெஸ்கோப் என்பது முதலில் பொறியாளர் ஸ்வோரிகின் தன் தொலைக்காட்சிப் படக்குழாய்க்கு வைத்த பெயர். அந்தக் குழாயில் தெரியும் படத்தை ஃபிலிமில் பிடித்த பதிவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. எனக்கு வேண்டியது இந்தப் பதிவுக்கான சொல். ‘இயக்கங்காட்டி’ என்று போட்டால் எடிசனின் பழைய படங்காட்டும் கருவியான கினெட்டோஸ்கோப்பும் வந்து குழப்பும்.

1947 டிசம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் ‘ஹௌடி டூடி’ என்ற குழந்தைகள் பாவை நிகழ்ச்சி தொடங்கியபோது வீடியோ டேப் கிடையாது. ஆம்பெக்ஸ் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது 1956-இல்தான். நிகழ்ச்சியை நடத்திய பஃபலோ பாப் ஸ்மித் கேள்வி கேட்பதும் ‘பீனட் காலரி’ என்ற பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் கத்துவதும் நேரலை. நாட்டின் இரு கரைகளும் தொலைக்காட்சிக்காக இணைக்கப்பட்டது 1951 செப்டம்பரில். அதுவரை இணைப்பு எட்டாத ஊர்களுக்கு ஒரே வழி, மானிட்டர் முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் படமெடுத்துச் சுருளை அனுப்புவது. தொலைக்காட்சியில் விநாடிக்கு 30 படம், ஃபிலிமிலோ 24. இந்தக் கணக்கை நேர்செய்யக் கேமராவின் ஷட்டரில் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. அத்தனை பாடுபட்டும் படம் மங்கல்தான்.

இங்கே ஓர் அம்மா சொன்ன ‘நேரலைப் பதிவு’ அழகாக இருக்கிறது, ஆனால் வீடியோ டேப்பும் அதில் அடங்கிவிடும். ‘திரைப்பிடிப்பு’ என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் கைபேசி ஸ்கிரீன்ஷாட்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘திரைப்படி’. ஏட்டுச்சுவடியைப் படி எடுத்தார்கள் என்கிறோமே, அந்தப் ‘படி’. திரையிலிருந்து எடுத்த படி. இதில் எனக்குப் பிடிவாதம் வரக் காரணம் ‘குக்லா, ஃபிரான் அண்ட் ஆலி’. சிகாகோவில் 1947-இல் பர் டில்ஸ்ட்ராம் தொடங்கிய பாவை நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் அவர் ஒருவரே பாவைகளை ஆட்டிக் குரலும் கொடுப்பார், முன்னால் நின்று ஃபிரான் அலிசன் பேசுவார். பெரும்பாலும் எழுதிவைத்த வசனமே இல்லை, வாய்க்கு வந்த பேச்சு. ஒற்றைப் பல் டிராகன் ஆலி அன்று என்ன உளறியது என்று பார்க்க அந்த மங்கல் சுருளை விட்டால் நமக்கு வேறு ஏடு ஏது?

‘திரைப்படம் என்பதன் எழுத்துப்பிழை போலத் தெரிகிறதே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும்தான், மறுக்கவில்லை. முதல் இடத்தில் ‘கினெஸ்கோப் எனும் திரைப்படி’ என்று எழுதிவிட்டால் அடுத்த பத்தியில் பழகிவிடும். ‘அந்த வாரத்து நிகழ்ச்சியின் திரைப்படி மட்டும் மிஞ்சியிருக்கிறது’ என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், உறுத்துகிறதா?

அப்புறம் இன்னொன்று. ஹௌடி என்ற பாவை நூலில் ஆடியது, அதற்கு ‘நூல்பாவை’ இருக்கிறது. குக்லாவும் ஆலியும் கையில் மாட்டி ஆட்டுபவை. ‘கைப்பாவை’ என்று எழுதினால் யாரோ ஒரு அரசியல்வாதியைத் திட்டுகிறேன் என்று நினைப்பார்கள். ‘கையுறைப் பாவை’ பரவாயில்லையா?