தினம் ஒரு ஃபிராக்டல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலத்திலிருந்து:

நான்கு ஆண்டுகளாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஃபிராக்டல் படம் செய்கிறேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே புதிய நுணுக்கம் விரிந்துகொண்டே போகும் கணித உருவம்தான் ஃபிராக்டல். “கணினிதானே வரைகிறது, உனக்கு என்ன வேலை?” என்று கேட்காத உறவினர் இல்லை. என் வேலை இடம் தேடுவதும் நிறம் கொடுப்பதும். இரண்டுமே என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன.

நான் சுற்றுவது பெரும்பாலும் மாண்டல்பிராட் கணம் என்ற ஃபிராக்டலில்தான். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் பூஜ்யத்தில் தொடங்கி, எண்ணை வர்க்கப்படுத்தி, அந்தப் புள்ளிக்குரிய எண்ணைக் கூட்டி, வந்த விடையை மீண்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். விடையின் அளவு 2-ஐத் தாண்டினால் அது திரும்பி வராது. எத்தனையாவது சுற்றில் தாண்டியது என்பதை வைத்து நிறம். தாண்டாமலே உள்ளே சுழல்பவை கறுப்பு. ஐபிஎம்மில் பணியாற்றிய பெனுவா மாண்டல்பிராட் 1980-இல் கணினியில் கண்ட அந்த உருவத்தில், பெரிய இதய வடிவமும் அதை ஒட்டிய வட்டமும் சேரும் இடுக்கைக் கடல்குதிரைப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். பெயருக்கேற்ப வளைந்த வால்கள் வரிசை கட்டி நிற்கும்.

முதல் மாதம் அங்கே ஒரு சுருளுக்குள் இறங்கினேன். நடுவில் கரிய திட்டு. அத்துடன் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகுதான் புரிந்தது, நான் சுற்றுகளை 500-இல் நிறுத்தியிருந்தேன். 20,000 ஆக்கியதும் திட்டு கலைந்து உள்ளிருந்து சுருளுக்குள் சுருளாக விரிந்தது. கை நடுங்கியது என்பது மிகையில்லை.

நிறத்தில்தான் நெடுநாள் தடுமாறினேன். வானவில்லின் எல்லா நிறங்களையும் கொட்டுவேன். தறியில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவர் என் அம்மா. ஒருநாள் திரையை எட்டிப் பார்த்து, “எல்லாமே கரையாக இருக்கிறதே, உடல் எங்கே?” என்று கேட்டார். அன்றிரவு மயில்கழுத்து நீலத்தைப் பரந்த உடலாக வைத்து, அரக்கை மெல்லிய கரையாக மட்டும் ஓடவிட்டேன். அதுவரை நான் செய்த நூற்றுக்கணக்கான படங்களில் முதன்முறையாகக் கண்ணுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. இன்றும் புதிய நிற வரிசை அமைத்தால் அம்மாவிடம் காட்டாமல் முடிப்பதில்லை.

கோவையிலிருந்து:

அக்கா, நிறம் பற்றிச் சொன்னது எனக்கும் பொருந்தும். என் கதை அச்சில் நடந்தது. ஏ3 தாளில் அச்சிட ஒரு கடைக்குப் படத்தை எடுத்துப் போனேன். அகலம் 1,280 புள்ளிகள். கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். ஓரமெல்லாம் ரம்பப் பல். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் ஏ3-க்கு ஏறத்தாழ 3,500-க்கு 5,000 தேவை. புகைப்படமாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஃபிராக்டலுக்கு இடத்தின் எண்கள் இருந்தால் போதும், எந்த அளவிலும் மீண்டும் கணக்கிடலாம். நான் படத்தை மட்டும் சேமித்திருந்தேன், எண்களைச் சேமிக்கவில்லை. பத்து லட்சம் மடங்கு உள்ளே இருந்த இடம் அது. ஒரு வாரம் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த ஒன்றுக்காக இன்னும் மனம் வலிக்கிறது.

திருச்சியிலிருந்து:

கணித ஆசிரியர் நான். வகுப்பில் மாண்டல்பிராட் உருவத்தைக் காட்டி, இதய வடிவின் உச்சியில் ஒட்டியிருக்கும் வட்ட மொட்டைப் பெரிதாக்கி, அதன் கொம்பு பிரியும் இடத்தில் தண்டையும் சேர்த்துக் கிளைகளை எண்ணச் சொன்னேன். மாணவிகள் மூன்று என்றார்கள். அந்த மொட்டுக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடைகள் மூன்று எண்களின் சுழற்சியை நெருங்கிக்கொண்டே போகும். கணக்கிட்டுக் காட்டியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அப்படியென்றால் ஐந்து எங்கே இருக்கும் டீச்சர்?” என்றாள். மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை.

சேலத்திலிருந்து:

தம்பி, நீங்கள் இழந்ததைப் படித்ததும் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண்கள், சுற்றுகள், நிற வரிசை மூன்றையும் கையாலும் எழுதி வைக்கிறேன். இன்னொன்று: வழக்கமான கணக்கீட்டில் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கங்கள்தான். பத்து லட்சம் கோடி மடங்கைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதற்கு மேல் போக நான் காலெஸ் ஃபிராக்டாலர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஒரு புள்ளியை மட்டும் முழுத் துல்லியத்தில் கணக்கிட்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளை அதிலிருந்து விலகும் அளவாக எடுக்கும் முறையில் அது ஓடுகிறது. அந்த முறை கே. ஐ. மார்ட்டின் 2013-இல் வெளியிட்டது. முன்பு நாள்கணக்கில் ஓடிய படங்கள் இப்போது நான் பாத்திரம் கழுவி வருவதற்குள் வந்துவிடுகின்றன.

இன்றைக்குத் தொடங்குபவர்கள் கடல்குதிரைப் பள்ளத்தாக்கில் −0.75, 0.1 என்ற இடத்துக்குப் போங்கள். கறுப்புத் திட்டு வந்தால் சுற்றுகளைக் கூட்டுங்கள். எண்களை முதலில் எழுதி வையுங்கள், படத்தைப் பிறகு சேமியுங்கள்.